கேள்வி – பதில்: சிமுலேட்டரில் நம்மூர் ரயில் பாதை

கணினியில் ரயில் ஓட்டுவதோடு நிற்காமல் பாதையையும் தாமே கட்டும் வாசகர்களின் கேள்விகள் இவை. பலரும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டர், அதற்குப் பாதை கட்டும் டிஎஸ்ஆர்இ5 எடிட்டர் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டிருப்பதால் பதில்களும் அவற்றையே சுற்றி வருகின்றன. ரயில்வே அளவுகள் எந்த சிமுலேட்டருக்கும் பொதுவானவை.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப் பாதையைக் கட்டுகிறேன். செயற்கைக்கோள் உயரத் தரவை ஏற்றி, உருவான தரையின் மேலேயே தண்டவாளம் போட்டேன். பாதை அலை அலையாக ஏறி இறங்குகிறது. சில இடங்களில் 20 சதவீதச் சரிவு காட்டுகிறது. தரவில் கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். இந்தப் பாதை முழுவதும் வடக்கு 11, கிழக்கு 76 என்ற ஒரே எஸ்ஆர்டிஎம் (விண்ணிலிருந்து ரேடார் அளந்த உயரத் தரவு) சதுரத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சதுரத்தின் உயரக் கோப்பு (எச்ஜிடி) 2,59,34,402 பைட் இருந்தால் 30 மீட்டர் இடைவெளித் தரவு. 28,84,802 பைட் இருந்தால் பழைய 90 மீட்டர் தரவு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 30 மீட்டர் கோப்பை எடுங்கள்.

ஆனால் 30 மீட்டர் தரவிலும் உங்கள் சிக்கல் தீராது. மலைச் சரிவில் சில மீட்டர் அகலத்துக்கு வெட்டிய விளிம்பில்தான் இந்தப் பாதை போகிறது. 30 மீட்டர் கட்டம் அந்த விளிம்பைப் பார்ப்பதே இல்லை. மேலே உள்ள பாறையையும் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்துச் சராசரி சொல்லும். 45 டிகிரி சரிவில் உங்கள் கோடு 15 மீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் உயரமும் 15 மீட்டர் மாறிவிடும். காடு இருக்கும் இடத்தில் ரேடார் மரத்தின் தலையைத் தரை என்று எண்ணிக்கொள்கிறது. குகைக்கு மேல் மலையுச்சி, பாலத்துக்குக் கீழ் ஓடை. 16 குகைகளும் சுமார் 250 பாலங்களும் உள்ள பாதையில் இப்படிக் கிடைக்கும் உயரங்களை வைத்து என்ன செய்ய முடியும்? தண்டவாளத்தின் உயரத்தை ஒருபோதும் தரையிலிருந்து எடுக்கக் கூடாது.

வேறு எங்கே எடுப்பது? ஸ்டேஷன் பெயர்ப்பலகையில். மஞ்சள் பலகையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்கள். ரயில்வேயே இலவசமாகக் கொடுத்த சர்வே அது. மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர், உதகமண்டலம் 2,203 மீட்டர், பாதையின் நீளம் 45.88 கி.மீ. குன்னூர் சுமார் 1,710 மீட்டர். இடையில் கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, மேலே வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு பலகையின் படத்தையும் தேடி எடுத்து, விரிதாளில் ஒரு பத்தியில் தூரம், அடுத்ததில் உயரம், மூன்றாவதில் இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவு என்று போடுங்கள்.

இந்தப் பாதையின் அதிகபட்சச் சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். கல்லாறு–குன்னூர் பற்சட்டப் பகுதியில் (எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏற, தண்டவாளங்களுக்கு நடுவே பற்களுள்ள சட்டம் போட்ட பகுதி) மட்டுமே அது வரும். உங்கள் விரிதாளில் எங்காவது அதைத் தாண்டினால் தூரமோ உயரமோ தவறு. பெரும்பாலும் தூரம்தான் காலை வாரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்த கோட்டில் புள்ளிகள் குறைவாக இருந்தால் 208 வளைவுகளின் முனைகள் வெட்டுப்பட்டு நீளம் சுருங்கிவிடும். உங்கள் கோட்டின் மொத்த நீளம் 45.88 கி.மீ.க்குக் குறைந்தது நூறு, இருநூறு மீட்டர் நெருக்கத்தில் வரும்வரை புள்ளிகளைக் கூட்டுங்கள். சரிவு நீளத்துக்கும் கிடைமட்ட நீளத்துக்கும் உள்ள வித்தியாசம், மிகச் செங்குத்தான இடத்திலேயே கி.மீ.க்கு 3.5 மீட்டர்தான், அதை மறந்துவிடலாம்.

இனி வரிசை இது: விரிதாளின் சரிவுப்படி ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை தண்டவாளம் போடுங்கள், போய்ச் சேரும் உயரத்தைப் பலகையோடு ஒப்பிடுங்கள், பிறகுதான் தரையைத் தண்டவாளத்துக்குப் பொருத்துங்கள். 3 கி.மீ. கடந்து 4 மீட்டர் வித்தியாசம் வந்தால் கடைசித் துண்டில் சரிக்கட்டாதீர்கள். 3 கி.மீ.க்கும் பரப்பினால் அது வெறும் 0.13 சதவீதம், ஒருவருக்கும் தெரியாது.

தரையைப் பொருத்தும்போது இன்னொரு தொல்லை இருக்கிறது. இந்த சிமுலேட்டரில் தரை 2,048 மீட்டர் சதுரங்களாகவும், அதற்குள் 8 மீட்டர் கட்டங்களாகவும் இருக்கும். நான்கைந்து மீட்டர் அகலமுள்ள விளிம்பை 8 மீட்டர் கட்டத்தில் செதுக்க முடியாது. மலைப் பக்கத்து முக்கோணம் தண்டவாளத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். தடத்தின் கீழே தரையை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை தாழ்த்திவிட்டு, மலைப்பக்கம் பாறைச் சுவர் வடிவத்தையும் பள்ளத்துப் பக்கம் கல் கட்டுமானச் சுவரையும் தனிப் பொருள்களாக வைத்து மூடுங்கள். குகை வாயிலிலும் இதே கதைதான். தரையில் போடும் ஓட்டை 8 மீட்டருக்குக் குறைந்து வராது. எனவே முகப்புக் கட்டடத்தின் இரு கைகளும் அந்த ஓட்டையை மறைக்கும் அகலத்துக்கு நீள வேண்டும்.

மரம், தேயிலை எல்லாம் கடைசியில். வைக்கும்போது உயரம் பார்த்து வையுங்கள்: கல்லாறு பக்கம் பாக்குத் தோப்பு, அதற்கு மேல் அடர்ந்த காடு, குன்னூரைச் சுற்றித் தேயிலை, கேத்தி, லவ்டேல் பக்கம் யூகலிப்டஸ். கீழிருந்து மேல்வரை ஒரே பச்சையைப் பூசிய மலைப் பாதைகள்தான் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன.

அதே மலைப் பாதையில், வெயிலில் ஏறும் நீராவி எஞ்சின் மழை வைத்தால் கல்லாறு தாண்டியதும் வழுக்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

உண்மையான எஞ்சினுக்கு அங்கே பல்சக்கரம் இருக்கிறது. மழை அதற்கு ஒரு பொருட்டில்லை. உங்கள் கணினி எஞ்சின் சாதாரணச் சக்கரத்தின் உராய்வை மட்டுமே நம்பி ஏறுகிறது. உலர்ந்த தண்டவாளத்தில் நின்ற நிலையில் உராய்வுக் குணகம் சுமார் 0.33 (குர்ட்டியஸ்–நிஃப்லர் சூத்திரம்: 7.5-ஐ, மணிக்குக் கி.மீ. கணக்கிலான வேகத்துடன் 44 கூட்டிய எண்ணால் வகுத்து, 0.161 கூட்ட வேண்டும்). மழையில் இது வெகுவாகக் குறையும். 8.33 சதவீத ஏற்றத்திலோ ஒவ்வொரு டன்னையும் இழுக்க 83 கிலோ விசை, ஏற்றத்துக்கு மட்டும் வேண்டும். எஞ்சின் கோப்பில் ஒட்டுதல் எண்களை உயர்த்திவிடுங்கள். கல்லாறுக்குக் கீழேயும் அது வழுக்காது என்ற பொய் சேர்ந்துவரும், பெரிய இழப்பில்லை.

பற்சட்டப் பகுதிக்கு மணிக்கு 13 கி.மீ., மற்ற இடங்களில் 30 கி.மீ. வேக வரம்பு வையுங்கள். ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று தள்ள வேண்டும். முன்னால் மாட்டி இழுப்பது பலரும் செய்யும் பிழை. குன்னூரில் வண்டி திசை மாறிப் புறப்படுவதால், வண்டி போகும் வழியைச் சொல்லும் கோப்பில் அங்கே திரும்பும் புள்ளி ஒன்று போட்டாக வேண்டும். இல்லையென்றால் ஊட்டிக்கு வழியே திறக்காது.

மேப்பில் பார்த்து வளைவின் ஆரத்தை எப்படிக் கணக்கிடுவது? கண்ணளவில் போட்டால் அடுத்த ஸ்டேஷனில் தடம் 30, 40 மீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது.
– வாசகர், திருச்சி

வளைவின் மேல் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளங்கள். கோட்டின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, விலகலின் 8 மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும்.

எவ்வளவு நீளக் கோடு என்பதில்தான் சூட்சுமம். 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 200 மீட்டர் கோட்டுக்கு விலகல் 5.7 மீட்டர். படத்தில் ஒரு மீட்டர் தவறாக அளந்தால் ஆரம் 750-க்கும் 1,060-க்கும் இடையே எங்கும் வரலாம். 400 மீட்டர் கோடு போட்டால் விலகல் 22.9 மீட்டர்; அதே ஒரு மீட்டர் பிழை இப்போது 4, 5 சதவீதம்தான். வளைவு இடம் கொடுக்கும்வரை நீளமான கோட்டையே போடுங்கள். கோட்டின் இரு முனைகளும் வளைவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கிடைத்த எண்ணை அப்படியே பயன்படுத்தாதீர்கள். இந்திய ரயில்வேயில் வளைவை டிகிரியில் சொல்வார்கள்: 1,750-ஐ டிகிரியால் வகுத்தால் ஆரம். 1 டிகிரி என்றால் 1,750 மீட்டர், 2 டிகிரி 875, அகலப்பாதையில் உச்சமான 10 டிகிரி 175 மீட்டர். நீங்கள் அளந்து 860 வந்தால் அது 2 டிகிரி வளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். 875 போட்டுப் பாருங்கள். அடுத்த நேர்ப்பகுதி படத்தோடு ஒட்டினால் சரி.

உங்கள் 40 மீட்டர் விலகலுக்குக் காரணம் ஆரமாக மட்டும் இருக்காது. நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் ரயில் சட்டென்று நுழைவதில்லை. இடையில் மெல்ல இறுகும் பகுதி உண்டு. அதைவிட்டால் வளைவு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், ஓட்டும்போது தலையும் ஆடும். அதன் நீளத்துக்குப் பொதுவான கணக்கு: மி.மீ.யில் கேன்ட் × கி.மீ.யில் வேகம் × 0.008.

கேன்ட் என்பது வெளித்தண்டவாளத்தின் கூடுதல் உயரம். 1,750-ஐ வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 127-ஆலும் ஆரத்தாலும் வகுத்தால் சமநிலைக் கேன்ட். 875 மீட்டரில் 100 கி.மீ. வேகத்துக்கு 157 மி.மீ. வரும். அவ்வளவும் கொடுக்க மாட்டார்கள்; 75 மி.மீ. குறைவாக விடுவது வழக்கம். ஆகவே சுமார் 80 மி.மீ. இப்போது நுழைவுப் பகுதி 80 × 100 × 0.008 = 64 மீட்டர்.

எடிட்டரில் இறுகும் வளைவுத் துண்டு இல்லையென்றால் 64 மீட்டரை நான்கு 16 மீட்டர் துண்டுகளாக்கி, ஆரத்தை 7,000, 2,333, 1,400, 1,000 என்று படிப்படியாகக் குறைத்து 875-இல் சேருங்கள். வெளியேறும்போது தலைகீழ் வரிசை. ஒரு டைனமிக் டிராக் (நாமே அளவு கொடுத்து வளைக்கும் தடம்) துண்டுக்குள் இரண்டு வளைவுகள் வைக்க இடமிருப்பதால் இரண்டு துண்டுகளில் வேலை முடிந்துவிடும்.

சேலம் பக்கம் ஒரு சரிவுப் பலகையில் 150 என்று இருந்தது. 6.67 என்று போட்டேன். சரக்கு ரயில் அசையவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், சேலம்

150-க்கு 1 என்றால் 0.667 சதவீதம், ஆயிரத்துக்கு 6.67. நீங்கள் சதவீதக் கட்டத்தில் 6.67 போட்டிருக்கிறீர்கள். அது 15-க்கு 1. எந்த சரக்கு ரயிலும் அசையாது! இன்னொரு ரயில் சிமுலேட்டரான ஓப்பன்பிவிஇ-யில் சரிவு ஆயிரத்துக்கு என்ற கணக்கில் எழுதப்படும். மற்ற எடிட்டர்களில் கட்டத்தின் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

திருத்திய பிறகும் சரிவு மாறும் இடத்தில் வண்டி துள்ளினால் செங்குத்து வளைவு இல்லை என்று பொருள். சரிவு மாற்றம் 0.4 சதவீதத்தைத் தொட்டாலே ரயில்வேயில் வளைவு கொடுப்பார்கள். முக்கியப் பாதைகளில் அதன் ஆரம் 4,000 மீட்டர். சமதளத்திலிருந்து 150-க்கு 1-க்கு ஏற 27 மீட்டர் போதும். 100-க்கு 1 ஏறி உடனே 100-க்கு 1 இறங்கும் முகட்டுக்கு 80 மீட்டர் வேண்டும். சிமுலேட்டரில் ஒவ்வொரு துண்டும் ஒரே சரிவுதான் என்பதால் 10 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 0.25 சதவீதம் மாற்றுங்கள்.

ஸ்டேஷன் யார்டுக்குள் சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது என்பது ரயில்வே விதி. 1,200-க்கு 1 இருந்தால் நல்லது. பெட்டிகளைக் கழற்றி நிறுத்திவைத்தால் அவை தாமாக உருண்டுபோகிற யார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இதை மறந்ததன் விளைவு அது.

இணையத்திலிருந்து இறக்கிய தண்டவாளங்களின் மேல் நம் பெட்டிகளை நிறுத்தினால் சக்கரம் வெளியே தொங்குகிறது.
– வாசகர், சென்னை

எக்ஸ்டிராக்ஸ், ஸ்கேல்ரெயில் போன்ற தண்டவாள வடிவத் தொகுப்புகள் 1,435 மி.மீ. அகலத்துக்கு வரையப்பட்டவை. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. இருபுறமும் 12 செ.மீ. வெளியே போகத்தான் செய்யும். பாதையின் கணக்கு நடுக்கோட்டை வைத்துத்தான் என்பதால் போட்ட தடத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. அதே பெயரில் அகலப்பாதை வடிவக் கோப்புகளை மாற்றி வைத்தால் போதும்.

ஆனால் தண்டவாள வடிவங்கள் எல்லாப் பாதைகளுக்கும் பொதுவான குளோபல் கோப்புறையில் இருப்பவை. அங்கே மாற்றினால் உங்களிடம் உள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகள் எல்லாமே அகலப்பாதை ஆகிவிடும். இந்தியப் பாதைகளுக்குத் தனிக் கோப்புறை ஒன்றை, அதற்கென்று தனி குளோபலோடு வைத்து, ஓப்பன் ரெயில்ஸில் இரண்டாவது இடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடிவம் வரையும்போது: ஸ்லீப்பர் நீளம் 2.75 மீட்டர், கி.மீ.க்கு 1,660 (60 செ.மீ.க்கு ஒன்று). மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ., 52 கிலோவுக்கு 156. புதிதாகப் போட்ட இரட்டைப் பாதையில் நடுக்கோடுகளுக்கு இடையே 5.3 மீட்டர், பழைய பாதைகளில் இது குறைவு, படத்தில் அளந்து போடுங்கள். பிளாட்பாரத்தின் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 1.67 மீட்டர் தொலைவிலும், தண்டவாள மட்டத்துக்கு மேல் 76 முதல் 84 செ.மீ. உயரத்திலும் இருக்கும். கடைசியில் இறங்கும் சாய்தளம் 6-க்கு 1, அதாவது சுமார் 5 மீட்டர் நீளம். செங்குத்தாக வெட்டிவிட்ட பிளாட்பாரம் உடனே கண்ணை உறுத்தும்.

வடக்குப் புகையிரதப் பாதையைச் செய்ய விருப்பம். இந்தியத் தண்டவாள வடிவங்கள் பொருந்துமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பொருந்தும். இலங்கையிலும் அதே 1,676 மி.மீ. அகலம்தான். போருக்குப் பின் அந்தப் பாதையை மீண்டும் அமைத்தது இந்தியாவின் இர்கான் நிறுவனம். யாழ்ப்பாணத்துக்கு 2014-லும் காங்கேசன்துறைக்கு 2015-லும் சேவை திரும்பியது. கொங்கிரீட் சிலிப்பர் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்மயமாகாத பாதை என்பதால் கம்பி வேலையும் மிச்சம். தரை ஏறக்குறைய சமமாக இருப்பதால் முதற்பாதைக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

ஸ்டேஷனுக்கு முன் சிக்னல் வைத்தேன். லைன் காலியாக இருந்தும் ரயில் வெளியிலேயே சிவப்பில் நிற்கிறது. கடைசி சிக்னல் எப்போதும் மஞ்சளைத் தாண்டுவதில்லை.
– வாசகர், மதுரை

இரண்டும் வேறு வேறு பிழைகள்.

ஸ்டேஷனுக்கு ஒரு கி.மீ. முன்னால் நிற்க வேண்டியது டிஸ்டன்ட் சிக்னல். அதில் சிவப்பே கிடையாது: ஒற்றை மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை, இவ்வளவுதான். கம்பத்தில் பி என்ற குறி இருக்கும். ஹோம் (ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதிக்கும் சிக்னல்) சிவப்பில் இருந்தால் டிஸ்டன்ட் மஞ்சள்; ஹோம் மஞ்சள் என்றால் இரட்டை மஞ்சள்; ஹோம் பச்சை என்றால் பச்சை. நீங்கள் சிவப்பு உள்ள சாதாரண மூன்று விளக்குச் சிக்னலை அங்கே நட்டிருக்கிறீர்கள். வடிவத்தை மட்டும் மாற்றினால் போதாது. சிக்னல் அமைப்புக் கோப்பில் அதன் வகையையும், சிவப்பு நிலை இல்லாத ஸ்கிரிப்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

உள்ளே ஹோம், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஸ்டார்ட்டர் (புறப்பாட்டுச் சிக்னல்), கடைசிப் பாயின்டை (தடம் பிரியும் இடம்) தாண்டிக் குறைந்தது 120 மீட்டரில், ஸ்டேஷனைவிட்டு வெளியேறும் கடைசிச் சிக்னலான அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர். ஹோமுக்கு அப்பால் 180 மீட்டரும் ஸ்டார்ட்டருக்கு அப்பால் 120 மீட்டரும் ஓவர்லாப் (சிக்னலைத் தாண்டியும் காலியாக இருக்க வேண்டிய தூரம்) விடுங்கள். மெயின் லைனிலிருந்து பிரியும் பக்கத் தடமான லூப் லைனுக்குப் போகும்போது ஹோமின் தலையில் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக எரியும். மெயின் லைனுக்கு அது எரியாது, பலரும் எரியவிடுகிறார்கள். அந்த விளக்கு வேலை செய்ய, எடிட்டரில் சிக்னலை அதற்குரிய பாயின்டுடன் இணைத்தாக வேண்டும். லூப்பில் 12-க்கு 1 பாயின்ட் என்றால் பொதுவாக 30 கி.மீ. வரம்பு, 8.5-க்கு 1 என்றால் 15. வேகப் பலகை இல்லாவிட்டால் கணினி ஓட்டும் ரயில் லூப்புக்குள் 100-இல் பாயும்.

கடைசி சிக்னல் விஷயம் எளிது. பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் முன்னால் சிக்னலே இல்லையென்றால் சிவப்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். எனவே கடைசிச் சிக்னல் மஞ்சளில் நிற்கும். பாதை முடியும் இடத்துக்கு அப்பால் இரண்டு கி.மீ. வெற்றுத் தடம் போட்டு, அதில் எப்போதும் பச்சை காட்டும் சிக்னல் ஒன்றை நட்டுவிடுங்கள்.

அகலப்பாதையில் மின்கம்பங்களை எத்தனை மீட்டருக்கு ஒன்று வைப்பது?
– வாசகர், ஈரோடு

நேர்ப்பாதையில் அதிகபட்சம் 72 மீட்டர். வளைவில் 4.5 மீட்டர் படிகளில் குறையும். ஏன் என்று தெரிந்தால் அட்டவணையே வேண்டாம். கம்பி கம்பத்துக்குக் கம்பம் நேராகத்தான் போகும், தடம் வளையும். 875 மீட்டர் வளைவில் 72 மீட்டர் இடைவெளி விட்டால் நடுவில் கம்பி தடத்தைவிட்டு 74 செ.மீ. உள்ளே தள்ளிப் போகும். கம்பத்தில் 30 செ.மீ. வெளியே இழுத்துக் கட்டினாலும் 44 செ.மீ. மிச்சம், பான்டோகிராஃபின் (எஞ்சின் கூரையில் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் சட்டம்) ஓரத்துக்குப் போய்விடும். 54 மீட்டராக்கினால் விலகல் 42, மிச்சம் 12 செ.மீ. தான். நேர்ப்பாதையில் கம்பி கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக 20 செ.மீ. மாறும், ஒரே இடத்தில் உரசிப் பான்டோகிராஃப் தேயாமலிருக்க அந்த ஏற்பாடு.

கம்பி உயரம் தண்டவாளத்திலிருந்து சுமார் 5.5 மீட்டர். ஓப்பன் ரெயில்ஸ் தானாக வரையும் கம்பி நட்டநடுவில், கோணல் இல்லாமல் போகும். நீங்களே கம்பி வைத்தால் அமைப்பு மெனுவில் அதை அணைத்துவிடுங்கள். பாதைக் கோப்பில் மின்மயம் என்ற குறிப்பையும் 25,000 வோல்ட்டையும் மட்டும் விட்டுவையுங்கள். கம்பங்களில் கி.மீ. எண்ணும் வரிசை எண்ணும் எழுதினால் தனிக் கி.மீ. கல் தேவைப்படாது. நியூட்ரல் பகுதிக்கு (கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு இடைவெளி) 500, 250 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு.

‘தடக் தடக்’ சத்தம் எல்லா இடத்திலும் வருகிறது. சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

சரியில்லை. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தில் இணைப்பே கிடையாது. மெயின் லைனில் பாயின்டுகளைக் கடக்கும்போது மட்டும் சத்தம் வையுங்கள். 13 மீட்டர் தண்டவாளங்களை இன்னும் தகடு வைத்து இணைத்திருக்கும் கிளை லைன், யார்டு ஆகியவற்றுக்கு அந்தத் தாளம் பொருந்தும்: 60 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரத்துக்கு வினாடிக்கு 1.3 தட்டு. தட வகைக் கோப்பில் இரண்டு ஒலி வகைகளை எழுதி, எடிட்டரில் பகுதி பகுதியாகக் குறியுங்கள்.

பெரிய ஸ்டேஷன் வந்ததும் படம் திக்குகிறது. கணினியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் ஸ்டேஷனைப் பாருங்கள். தூரத்துக்கு ஏற்ப எளிமையாகும் வடிவங்கள் இல்லாத கட்டடங்கள்தான் பொதுவான குற்றவாளி; 200 மீட்டருக்கு அப்பால் பெஞ்சின் கால் யாருக்குத் தெரியப் போகிறது? பெஞ்சு, விளக்கு, குழாய் என்று தனித்தனியாக 300 பொருள்கள் வைக்காமல் ஒரே வடிவமாகச் சேருங்கள். படங்களின் பக்கங்கள் 512, 1,024 போன்ற இரண்டின் அடுக்கு எண்களாக இருக்கட்டும். பிளாட்பாரப் பயணிகளுக்கு 2,048 படம் வீண்.

முடித்த பாதையை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது என்னென்ன சேர்க்க வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

எந்தத் தண்டவாளத் தொகுப்பு, குளோபல் கோப்புறையில் உள்ள, தண்டவாளத் துண்டுகளின் பட்டியலான டிராக் செக்ஷன் கோப்பின் எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ‘பாதை திறக்கவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி அந்தக் கோப்பு பழையதாக இருப்பதால்தான். பிறர் செய்த கட்டடம், மரம், பெட்டி ஆகியவற்றை அவர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே வைக்காதீர்கள். எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தியிருந்தால் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பது உரிமத்தின் நிபந்தனை. செயற்கைக்கோள் படத்தை வெட்டித் தரைக்கு ஒட்டியிருந்தால் வெளியிடும் முன் எடுத்துவிடுங்கள். அளப்பதற்குப் பார்ப்பது வேறு, பிரதி எடுத்துக் கொடுப்பது வேறு. அனுப்புமுன் வேறொரு கணினியில், வெறும் கோப்புறையில் பிரித்து, இரு திசைகளிலும் ஒரு முறை முழுவதும் ஓட்டிவிட்டு, சிமுலேட்டர் பிழைகளைப் பதியும் லாக் கோப்பில் காணாமல் போன படங்களின் பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.